எட்டாம் நம்பர் ஷூ

இந்த மே மாதம் என் மகன் என்னோடு பத்து நாள் தங்கிப் போனான். அவன் சென்னையில் அவன் அம்மாவிடம் வளர்கிறான். நான் தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் சூப்பர்வைசர். பழைய ஆட்கள் இன்னும் கணக்கப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அவன் அம்மாவும் 2015-இல் பிரிந்தோம், 2017-இல் கோர்ட்டில் முடிந்தது. அப்போது அவனுக்கு 9 வயது. இந்த மே மாதம் 17 முடிய இரண்டு மாதம் இருந்தது.

என் நிலைமையில் இருக்கிற அப்பாக்கள் பலரை எனக்குத் தெரியும். பிள்ளை வருகிறான் என்றதும் வீட்டையே புரட்டிப்போட்டு, கடன் வாங்கி, லீவு போட்டு ஓடுகிறவர்கள். அந்தப் பத்து நாளில் நான் செய்ததையும், செய்யாமல் இருந்திருக்க வேண்டியதையும் அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

போன வருடம் மே மாதத்துக்குப் பிறகு நான் அவனை நேரில் பார்க்கவில்லை. அரையாண்டு லீவுக்கு டியூஷன் என்று வரவில்லை. அதற்கு முந்தின வருடம், 2023 டிசம்பரில், டிக்கெட் எல்லாம் போட்டிருந்தோம். 17, 18 தேதிகளில் பெய்த மழை எங்கள் ஜில்லாவையே மூழ்கடித்தது. பக்கத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ஒரு ரயில் பயணிகளோடு அப்படியே நின்றுபோனதை டிவியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். என் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். கட்டில், பீரோ போனது பெரிதில்லை. அவன் ஐந்து வயதில் கிரேயானில் வரைந்த படங்களை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன், அவை கூழாகிவிட்டன. அவன் இங்கே இருந்தான் என்பதற்கு வீட்டில் ஒரு பொருளும் மிஞ்சவில்லை. அந்த வெறிச்சோடிய வீட்டுக்கு அவனைக் கூப்பிடக் கூடாது என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது.

பிப்ரவரியிலேயே ஆரம்பித்துவிட்டேன். அவன் படுக்கிற அறைக்குப் பெயின்ட் அடித்து, தவணையில் ஒரு ஏசி மாட்டினேன். 43 இன்ச் டிவி வாங்கினேன். மூன்று நாளுக்கு டிரைவரோடு கார் பேசினேன். கடைசியாக ஒரு ஷூ. வெள்ளை நிறம், ஆறாயிரத்துச் சொச்சம். போன வருடம் அவன் விட்டுப்போன ரப்பர் செருப்பின் அடியில் 8 என்று இருந்தது. அதைப் பார்த்து 8 வாங்கினேன்.

முத்துநகர் எக்ஸ்பிரஸில் காலையில் வந்து இறங்கினான். என்னைவிட நாலு விரல் உயரம். மீசை அரும்பியிருந்தது. பையை வாங்கப் போனேன், "பரவாயில்லப்பா, நானே தூக்குறேன்" என்றான். பிறகு, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டான்.

சின்ன வயதில் அவன் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவான். "அப்பா நீ வா", "அப்பா நீ தூக்கு". எந்த வருடம் அது 'நீங்க' ஆனது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவனாகிவிட்டான், மரியாதை தெரிகிறது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவன் அம்மாவை இன்னும் நீ என்றுதான் கூப்பிடுகிறான் என்பதை போனில் கேட்டிருக்கிறேன். மரியாதை எப்போது தூரமாகிறது என்பது அதை வாங்குகிறவனுக்குத்தான் தெரியும்.

முதல் நாள் அவனைத் தூங்கக்கூட விடவில்லை. குளித்துச் சாப்பிட்டதும் கார் வந்து நின்றது. திருச்செந்தூர், அங்கிருந்து மணப்பாடு. மணல் குன்றின் மேல் இருக்கிற கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கடலைக் காட்டினேன். "எப்படி இருக்கு?" என்றேன். "நல்லாருக்குப்பா." மத்தியானம் பெரிய ஹோட்டலில் மீன் சாப்பாடு. "பிடிச்சிருக்கா?" "நல்லாருக்குப்பா." வரும் வழியில் மக்ரூன் ஒரு கிலோ வாங்கினேன். சின்ன வயதில் முட்டை வெள்ளைக்கருவும் முந்திரியும் வாயில் கரைகிற அந்த ருசிக்காக அழுவான். இப்போது ஒன்றை எடுத்து மென்றுவிட்டு, "போதும்பா, நல்லாருக்கு" என்றான். ராத்திரி ஏசியைப் போட்டுவிட்டு, "குளிர் சரியா இருக்கா?" என்று கதவில் நின்று கேட்டேன். அதற்கும் அதே பதில்.

இரண்டாம் நாளும் இப்படியே போனது. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம். ஷூவை இரண்டு நாளும் போட்டுக்கொண்டிருந்தான். காரில் உட்கார்ந்ததும் கழற்றிவிடுவான். வெயிலுக்குக் கழற்றுகிறான் என்று நினைத்தேன். பாரதி பிறந்த வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனவன், வெளியே வந்ததும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கொதிக்கிற தரையில் கார் வரைக்கும் வெறுங்காலோடு நடந்தான். அப்போதாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் விடியற்காலை நான்கரைக்கு அவனை எழுப்பி அளத்துக்குக் கூட்டிப்போனேன். இது என் இடம். இருபது வருடம் நின்ற இடம். காரும் டிவியும் செய்யாததை இது செய்யும் என்று உறுதியாக நம்பினேன்.

தூத்துக்குடி உப்பளத்தை மே மாதம் விடியலில் பார்க்க வேண்டும். அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்த நேரம், விளைச்சல் உச்சத்தில் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் வேலையை முடிக்க இருட்டிலேயே ஆட்கள் பாத்தியில் இறங்கிவிடுவார்கள். வானம் வெளுக்கும்போது தண்ணீரும் சேர்ந்து வெளுக்கும். வரப்பு மட்டும்தான் கறுப்பாகத் தெரியும்.

தண்ணீரில் உப்பு எவ்வளவு அடர்த்தி என்று டிகிரியில் காட்டுகிற ஹைட்ரோமீட்டரை எடுத்துக்கொண்டு நான் அவனுக்கு விளக்க ஆரம்பித்தேன். கடல் தண்ணீர் மூன்று டிகிரிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். நாங்கள் எடுக்கிற போர் தண்ணீர் அதைவிடக் கடுப்பு. அதைத் தெப்பம் என்கிற பெரிய தேக்கத்தில் கட்டி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விட்டு வெயிலில் காய வைக்கும்போது டிகிரி ஏறும். முதலில் ஜிப்சம் படியும். 25-ஐத் தொடும்போது உப்பு விளையும். 29-ஐத் தாண்டவிட்டால் கசப்பு இறங்கிவிடும், அதற்கு முன்னால் அந்தத் தண்ணீரை நஞ்சோடை என்கிற கழிவு வாய்க்காலில் திறந்துவிட வேண்டும். இதையெல்லாம் ஸ்கூலில் கெமிஸ்ட்ரியில் படித்திருப்பாய், இங்கே நேரில் பார் என்றேன். அவன் தலையாட்டிக்கொண்டு வந்தான்.

"உள்ள இறங்கிப் பாரு. காலுக்கடியில உப்பு நெறுநெறுன்னு இருக்கும். ஷூ அழுக்காயிரும், கழட்டிட்டு வா" என்றேன்.

கழற்றினான். சாக்ஸையும் கழற்றிப் பைக்குள் வைத்தான். வலது காலைப் பாத்தியில் வைத்தான்.

சத்தம் போடவில்லை. மூச்சை உள்ளே இழுத்தான், அது மட்டும் எனக்குக் கேட்டது. முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இடது காலையும் வைத்தான். நான் சொன்னேன் என்பதற்காக வைத்தான். பிறகு அப்படியே அசையாமல் நின்றான். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

பக்கத்துப் பாத்தியில் உப்பு வாருகிற பலகையைப் பிடித்திருந்த அக்கா ஒருவர்தான் முதலில் பார்த்தார். "ஐயா, தம்பி காலப் பாருங்க. புண்ணு கிடக்கு" என்று கத்தினார்.

அவனை வரப்பில் உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு குதிகாலிலும் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் உரிந்து உள்சதை தெரிந்தது. வலது கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. சாக்ஸின் உள்பக்கம் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தக் காலைத்தான் நான் 25 டிகிரித் தண்ணீரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்கா குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, அவன் காலைத் தன் மடியில் வைத்துக் கழுவினார். வெறும் தண்ணீரே அவனுக்கு எரிந்தது. ஷெட்டுக்குள் பெஞ்சில் உட்கார வைத்து, "ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன், பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

"நீங்க வாங்கிக் குடுத்தது. சைஸ் சேரலன்னா கஷ்டப்படுவீங்கன்னு."

"என்ன சைஸ்டா உனக்கு?"

"பத்து."

கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டே பேசினான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், அந்தப் பத்து நாளில் எனக்குக் கிடைத்தது அதுதான்.

"நீங்க எல்லாத்துக்கும் நல்லாருக்கா, பிடிச்சிருக்கான்னு கேட்டுட்டே இருக்கீங்கப்பா. ஆமான்னு சொன்னா அங்க நல்லா இல்லன்னு சொன்ன மாதிரி இருக்கு. இல்லன்னு சொன்னா உங்களுக்குக் கஷ்டம். அந்த ஜட்ஜ் கேட்டாங்கல்ல, அதே மாதிரி இருக்கு."

எந்த ஜட்ஜ் என்று நான் கேட்கவில்லை. தெரியும்.

2017-இல் வழக்கின் கடைசிக் கட்டத்தில் பையனை ஒரு நாள் கோர்ட்டுக்கு அழைத்துவரச் சொன்னார்கள். கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம் 1890-இல் வந்தது. அதன் 17-ஆவது பிரிவில், பிள்ளைக்குச் சொந்தமாக யோசித்துச் சொல்லும் பக்குவம் இருந்தால் அதன் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அவனை நீதிபதி தன் அறைக்குள் தனியாக அழைத்துப் பேசினார். பத்து நிமிடம் இருக்கும். நான் வராந்தாவில் ஒரு முனையில், அவன் அம்மா மறு முனையில். வெளியே வந்தவன் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. நடுவில் நின்றிருந்த தாத்தாவிடம் போய் ஒட்டிக்கொண்டான். என்ன கேட்டார்கள், என்ன சொன்னான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிறகு நாங்களே பேசி ஒத்துக்கொண்டோம். பையன் அம்மாவிடம், பெரிய லீவுகளில் பாதி என்னிடம்.

இவன் உள்ளே என்ன சொல்லியிருப்பான் என்ற கேள்வி எட்டு வருடமாக என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஷெட்டில் உட்கார்ந்திருந்தபோது அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெயின்டும் ஏசியும் காரும், நல்லாருக்கா நல்லாருக்கா என்ற நச்சரிப்பும் எல்லாம் அந்தப் பதிலை மாற்றி வாங்கத்தான். ஒன்பது வயதில் ஒரு முறை அவனை அந்த அறைக்குள் அனுப்பினார்கள். நான் ஒவ்வொரு லீவிலும் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவன் அம்மாவுக்கு மெசேஜ் அனுப்பினேன். அதுவரை எங்களுக்குள் எதுவாக இருந்தாலும் மச்சான் வழியாகத்தான் போகும். டிக்கெட் நம்பர், ஃபீஸ் கட்டிய ரசீது, அவ்வளவுதான் நேராகப் போகும். அன்று புண்ணைப் படம் எடுத்து அனுப்பி, நடந்ததை மறைக்காமல் எழுதினேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: "பேண்டேஜ் ஒட்டாதீங்க, அவனுக்குத் தடிச்சிடும். மருந்து போட்டு மெல்லிசான காட்டன் துணி சுத்தி விடுங்க. டிடி ஊசி போன வருஷம் போட்டது." அதற்குக் கீழே இன்னொரு வரி: "செருப்பு 10."

என் பிள்ளைக்கு பிளாஸ்டர் ஒட்டினால் தோல் தடிக்கும் என்பது எனக்குத் தெரியாது. காலின் அளவு தெரியாது. தெரிந்தவரிடம் கேட்காமல் நான் ஆறாயிரம் ரூபாய்க்கு ஷூ வாங்கியிருக்கிறேன்.

என்னைப் போன்றவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்வேன். பிள்ளை வருவதற்கு முன்னால் அவன் அம்மாவிடம் ஐந்தாறு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சட்டை, பேண்ட், காலணி அளவு. எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது. கடைசியாகப் போட்ட தடுப்பூசி. கண்ணாடிப் பவர். எந்தப் பாடத்துக்கு டியூஷன், அந்த நாட்களில் ஆன்லைன் வகுப்பு உண்டா. அவன் அம்மா வீட்டு விஷயம் எதுவும் அதில் வேண்டாம். பிள்ளையிடம் கேட்பதைவிட அம்மாவிடம் கேட்பது நல்லது, ஏனென்றால் பிள்ளை உங்கள் மனம் நோகாத பதிலாகத் தேடித்தான் சொல்வான். காயமோ காய்ச்சலோ வந்தால் அன்றே நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், அம்மாவிடம் சொல்வதா மறைப்பதா என்ற பாரம் அவன் தலையில் விழும். மறைத்தால் அவளுக்குப் பொய், சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்த மாதிரி.

மீதி ஏழு நாளுக்கு கார் எதுவும் பேசவில்லை. டவுனில் 10-ஆம் நம்பரில் நூற்றைம்பது ரூபாய்க்கு ஒரு செருப்பு வாங்கினோம், அவனே எடுத்தான். ஷூவைக் கடையில் திரும்ப வாங்கமாட்டேன் என்றார்கள். காலைக் கழுவிவிட்ட அக்காவின் மகனுக்குச் சரியாக இருந்தது, அவன் போட்டுக்கொள்கிறான்.

நாலாம் நாள் காலையில் பதினொரு மணி வரை தூங்கினான். முன்பாக இருந்தால் ஏழு தடவை கதவைத் தட்டியிருப்பேன். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே தள்ளிப்போகும். ராத்திரி தூக்கம் லேட்டாக வரும், காலையில் லேட்டாகத்தான் கலையும். அது சோம்பேறித்தனம் இல்லை. வந்த அன்றே அவனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டியது இந்தத் தூக்கம். ராத்திரி முழுக்க ரயிலில் வந்த பிள்ளையை மணப்பாட்டுக்கு இழுத்துப்போனேன்.

அன்று வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியில் ஒன்றை மேஜை மேல் வைத்து, "இது உனக்கு, வச்சுக்கோ. வெளிய போனா பூட்டிட்டுப் போ" என்றேன். முன்பெல்லாம் நான் லீவு போட்டுவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், அவனும் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் வேலைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பியபோது அடுப்பில் பாத்திரம் இருந்தது, மேஜையில் முட்டை ஓடு. அவனாகச் செய்து சாப்பிட்டிருக்கிறான். அந்த எண்ணெய்ப் பிசுக்கைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. விருந்தாளி யாரும் அடுப்பைத் தொடமாட்டான்.

பீரோவில் ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுத்தேன். பிரஷ், துண்டு, இரண்டு பழைய டீ ஷர்ட், அந்தச் செருப்பு எல்லாம் இங்கேயே கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் பையைப் பிரித்துக் கட்டுகிறவனுக்கு அது லாட்ஜ் மாதிரித்தான் இருக்கும்.

'நல்லாருக்கா' என்று கேட்பதை நிறுத்துவது எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. நாக்கு நுனி வரை வந்துவிடும். அதற்குப் பதிலாக, "உப்பு கொஞ்சம் தூக்கலோ?" என்று என் சமையலைப் பற்றி நானே சொல்வேன், இல்லையென்றால் பேசாமல் சாப்பிடுவேன். அம்மா எப்படி இருக்கா, வீட்டுக்கு யார் யார் வர்றாங்க, தாத்தா என்னைப் பத்தி என்ன சொல்றார், இந்தக் கேள்விகளை எல்லாம் அடியோடு விட்டுவிட்டேன். பணப் பேச்சும் அப்படித்தான். நான் மாதாமாதம் அனுப்புகிற தொகை பேங்க் வழியாகப் போகிறது, அதற்குக் கணக்கு இருக்கிறது. அதைப் பிள்ளையிடம் சொல்லிக் காட்டினால், தன் சாப்பாட்டுக்கு ஒரு ரசீது இருப்பதாக அவனுக்குத் தோன்றும். ஒரு காலத்தில் சொல்லியிருக்கிறேன். அந்த நாளை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது.

ஐந்தாம் நாள் சாயங்காலம் பைக்கில் துறைமுகம் பக்கம் போனோம். எங்கே போகலாம் என்று திட்டம் எதுவும் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவன் தானாகப் பேச ஆரம்பித்தான். எதிரெதிரே உட்கார்ந்தால் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவன், என் முதுகுக்குப் பின்னால் இருந்து முக்கால் மணி நேரம் பேசினான். காற்றில் பாதி கேட்கவில்லை. வண்டியை நிறுத்தினால் பேச்சும் நின்றுவிடும் என்று, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் ஓட்டினேன். என்ன பேசினான் என்பதை எழுதமாட்டேன், அது அவனுடையது. நான் எந்த யோசனையும் சொல்லவில்லை, 'ம்' கொட்டினேன். பிள்ளையோடு பேச முடியவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்து செய்கிற வேலை ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுவதோ, பாத்திரம் துலக்குவதோ, வெங்காயம் உரிப்பதோ. முகத்தைப் பார்க்காதபோது அவர்களுக்கு வாய் வருகிறது.

எட்டாம் நாள் ராத்திரி, "நாளைக்கு அளத்துக்கு வரட்டா?" என்று அவனே கேட்டான். வந்தான். செருப்போடு ஷெட்டில் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். உப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பாட்டுக்கு டிகிரி பார்த்தேன், கூலிக் கணக்கு எழுதினேன், தட்டுமேட்டில் உப்பை அம்பாரமாகக் குவிப்பதைப் பார்த்தேன். ஒரு பாத்தியில் 28 காட்டியது, மடையைத் திறந்துவிடச் சொல்லிக் குரல் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தபோது ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும் போனைப் பார்த்தான். பத்து மணிக்கு டீக்கடையில் இரண்டு வடையைத் தின்றுவிட்டு, "உனக்கு எதாவது வேணுமாப்பா?" என்றான்.

'உனக்கு' என்றான். அவன் கவனித்தானா என்று தெரியாது. நான் "ஒரு டீ சொல்லு" என்றேன். சாயங்காலம் மறுபடி 'நீங்க' வந்துவிட்டது. அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

சட்ட விஷயத்தில் ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லீவில் பாதி என்ற உத்தரவு பிள்ளைக்கு 18 ஆகும் வரைதான். என் மகனுக்கு வருகிற ஜூலையில் 18. அதற்குள் ஒரு கோடை விடுமுறைதான் பாக்கி, அதுவும் பிளஸ் டூ முடிந்து நுழைவுத் தேர்வு, கவுன்சலிங் என்று ஓடுகிற கோடை. அதற்குப் பிறகு அவனை இங்கே வரச் சொல்ல எந்தக் காகிதமும் இல்லை. பிள்ளைகள் சின்னவர்களாக இருக்கிற அப்பாக்கள் இதை இப்போதே எண்ணிப் பாருங்கள். 10 வயதுப் பிள்ளை என்றால் எட்டுக் கோடை. நிலைமை மாறினால், வேலை மாற்றலானாலோ பிள்ளையின் படிப்பு நேரம் மாறினாலோ, பழைய உத்தரவைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டத் தேவையில்லை. இந்து திருமணச் சட்டம் 1955-இன் 26-ஆவது பிரிவுப்படி பிள்ளைகள் சம்பந்தமான உத்தரவை நீதிமன்றம் பிறகு மாற்றியமைக்கலாம். அதற்கு முன்னால் இரண்டு பேரும் மெசேஜில் பேசி ஒத்துக்கொள்ள முடிந்தால் செலவும் மிச்சம், பிள்ளைக்கும் நிம்மதி. ரயில் டிக்கெட் முன்பு 120 நாளுக்கு முன்னால் போடலாம், 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். அதனால் அந்த அறுபது நாளுக்கு முன்னாலேயே தேதியைப் பேசி முடித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் டிக்கெட் இல்லை என்ற ஒரே காரணத்தால் எனக்கு இரண்டு லீவுகள் போயிருக்கின்றன.

பத்தாம் நாள் ராத்திரி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டேன். குதிகால் ஆறி, புதுத்தோல் வெளிர் சிவப்பாக வந்திருந்தது. ரயில் வாஞ்சி மணியாச்சி தாண்டும்போது மெசேஜ் வந்தது. "சாவி என்கிட்டயே இருக்கு, மறந்து எடுத்துட்டு வந்துட்டேன்." அது அங்கேயே இருக்கட்டும் என்று எழுதினேன்.

நேற்று முன்தினம் போன் செய்தான். இது ஐப்பசி, மழை ஆரம்பித்துவிட்டது. அளத்தில் வேலை நின்றாயிற்று, நாலு பாத்தியும் ஒரே குளமாகக் கிடக்கிறது. அரையாண்டு லீவுக்கு அவனே அறுபது நாள் கணக்குப் போட்டு, காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து டிக்கெட் எடுத்திருக்கிறான். அம்மாவிடம் கேட்டுவிட்டேன் என்றான். எனக்குத் திக்கென்றது.

"டிசம்பர்ல இங்க ஒண்ணும் இருக்காதே ராசா. உப்பு கிடையாது, மழையா இருக்கும், எங்கயும் கூட்டிட்டுப் போகவும் முடியாது" என்றேன்.

"எங்கயும் போக வேணாம். சும்மா வரேன்பா" என்றான்.